வெட்டாமல் விட்ட குரல்

டாக்டரம்மாவின் மதியச் சாப்பாட்டை ஒரு நோயாளி சாப்பிட்டுவிட்டார். சாப்பிட்டது அவர்தான் என்றாலும் பழி முழுக்க இசை போடும் உஷ்ஷின் தலையில் விழுந்தது. விழ வேண்டிய இடமும் அதுதான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், துணி துவைக்கும் பகுதிக்கு மேல் மாடியில், ஒரு ஆராய்ச்சி அறை இருக்கிறது. எந்த மாத்திரைக்கும் அசைந்து கொடுக்காத மனச்சோர்வுக்காரர்களுக்கு அங்கே ஒரு காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் முறைப்படி, அனுமதி வாங்கி, பக்கத்தில் நர்ஸை உட்கார வைத்துத்தான். மருந்தை விழுங்கியவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் படுத்துவிடுவார். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை அவர் எங்கெங்கோ போய் வருவார். நிறங்கள் பேசும். செத்துப்போன அப்பா வந்து, என் செருப்பைப் பார்த்தாயா என்று கேட்பார். இந்தப் பயணத்துக்கு வழித்துணை இசை ஒன்றுதான். அந்த இசையைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது உஷ்ஷின் வேலை.

அன்றைக்குப் படுத்திருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்துபோனதிலிருந்து பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, கடைசியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட மனிதர். மருந்து உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உஷ் ஒரு செல்லோ இசையை ஓடவிட்டார். வயலின் ஜாதியில் பெரிய வாத்தியம், அடிவயிற்றிலிருந்து பேசும். லிஃப்ட்காரரின் முகம் மெல்ல இளகியது. உஷ்ஷுக்குப் பெருமை தாங்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டார்.

அப்போதுதான் செல்லோவுக்குப் பின்னாலிருந்து, ஏதோ ஒரு சமையலறைப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னங்க... வாங்க. சாப்பாடு ஆறுது."

உஷ்ஷின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவருடைய மனைவியின் குரல்.

லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்தார். "இதோ வந்துட்டேன்மா," என்றார். வாய்க்குள் முணுமுணுத்தே பழகிப்போன மனிதர் கணீரென்று சொன்னார். கையில் ரத்த அழுத்தப் பட்டி, காதில் ஹெட்போன், கண்ணில் கட்டு. அப்படியே எழுந்து, இருட்டு வீட்டில் பழகியவர் மாதிரி சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்து, கதவைத் திறந்து, ஊழியர்கள் சாப்பிடும் அறைக்குள் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் பின்னாலேயே ஓடினார். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பாதி டப்பா காலி.

பயணத்தின் நடுவில் ஆபத்து இல்லாதவரை யாரையும் தடுக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவே எழுதிய விதி. சொந்த விதியைச் சொந்த வயிற்றோடு காப்பாற்றிக்கொண்டு நின்றார் அவர். லிஃப்ட்காரர் கடைசி வாய் வரை சாப்பிட்டார். கண்கட்டு நனைந்துவிட்டிருந்தது.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா ஆறிடுச்சு. என் தப்புதான்."

*

உஷ் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்த பேர். தலை நரைக்கும்வரை ஒலிப்பதிவாளராக இருந்தவர். யார் உள்ளே வந்தாலும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். வாட்ச்மேனுக்கு உஷ், முதலாளிக்கு உஷ், ஒருமுறை இடிக்கே உஷ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவருடைய பெருமையெல்லாம் வெட்டுவதில்தான். பாடகரின் இருமல், நாற்காலியின் கிறீச், புல்லாங்குழல்காரர் மூச்சு இழுக்கும் சத்தம், எல்லாவற்றையும் தைத்த தடம் தெரியாமல் எடுத்துவிடுவார். எடுத்த இடத்தில் ஓட்டை விழுமே? அதற்கு அந்த அறையின் வெறும் அமைதியையே தனியாகப் பதிந்து வைத்திருப்பார். யாரும் பேசாத, எதுவும் நடக்காத கொஞ்ச நேரம். அதிலிருந்து ஒரு துண்டு கிள்ளி ஒட்டுப் போட்டால் ஆனானப்பட்டவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது தனிக்கதை. முதலில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரில் செய்த இசை. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரே ரீங்காரம். சும்மா கேட்டால் சுகமாகத்தான் இருக்கும். மருந்து ஏறியவர்களுக்குத்தான் கோளாறு. பயணம் முடிந்து எழுந்த ஒரு டீச்சர், "நாள் பூரா ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தேன். வெளிச்சம் இருக்கு, குளுகுளுன்னு இருக்கு, ஆனா கதவைத் திறக்க ஒருத்தரும் வரல," என்றாராம். டாக்டரம்மா அன்றே முடிவெடுத்தார். இனிமேல் கம்பி, காற்று, தோல், மரம், தொண்டை. பிளக்கைச் செருகினால்தான் பாடும் எதுவும் உள்ளே வரக் கூடாது. அப்படிப்பட்ட இசை மூட்டை மூட்டையாக யாரிடம் இருக்கும் என்று விசாரித்தபோது, கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த உஷ்ஷைக் கைகாட்டினார்கள்.

உஷ் தன்னுடைய சுத்தமான பதிவுகளைக் கொண்டுவந்து குவித்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு பேங்க் கிளார்க் பயணம் முடிந்து எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அந்தப் புல்லாங்குழல்காரர் அருமையா வாசிச்சார் சார். ஆனா அவருக்கு மூக்கே இல்ல."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். உஷ் சிரிக்கவில்லை. போட்டுக் கேட்டார். உண்மைதான். மூச்சை எல்லாம் வெட்டி எடுத்த புல்லாங்குழல் இன்னொரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். பிளக் இல்லாத ஃப்ரிட்ஜ்.

அதிலிருந்து அவர் வெட்டாத பழைய நாடாக்களாகத் தேட ஆரம்பித்தார். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் அதே சோபாவில் படுத்து, அதே கண்கட்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். தெரிந்த பாட்டு ஆகாது, யாருடைய கல்யாணத்தையாவது இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும். புரிகிற வார்த்தை ஆகாது, பயணம் வார்த்தையின் பின்னால் போய்விடும். திடீரென்று அடிக்கும் மேளம் வேண்டவே வேண்டாம். மருந்து ஏறும்போது நாலைந்து பேர் சேர்ந்து பாடுவது நல்லது, கூட்டத்தோடு நடக்கிற தைரியம் வரும். உச்சத்தில் ஒரே ஒரு வாத்தியம். இறங்கும்போது கிடார், அதுவும் கம்பிமேல் விரல் வழுக்குகிற சத்தத்தோடு. அந்தச் சத்தம் கேட்டால்தான் ஆட்கள் தங்கள் கைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு உடம்புக்குத் திரும்புகிறார்கள்.

இத்தனையும் அவர் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கற்றது. அங்கே வேலை செய்கிறவர்கள் மருந்தைத் தொடக் கூடாது. நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டுச் சமைக்கச் சொன்ன மாதிரி. அதனால் பயணம் முடிந்த ஒவ்வொருவரிடமும் போய் நிற்பார். "இசை எப்படி இருந்துச்சு?" ஒருவர் அழுவார். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஒருவர் ஜன்னலைக் காட்டி, "அப்படி இருந்துச்சு," என்பார். ஜன்னலில் என்ன இருக்கிறது என்று உஷ் எட்டிப் பார்ப்பார். கீழே துவைத்த போர்வைகள் காயும்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி, தங்கைக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மழைக்காலத்தில் போனாள். தங்கை தேறி, குண்டாகி, ஒரு மாமாங்கம் ஆன மாதிரி இருக்கிறது. மனைவி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு கதவு அறைந்து சாத்தப்படவில்லை. போனில் கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

"எப்ப வர்ற?"

"பாக்கலாங்க."

பாக்கலாம் என்றால் வருவேன் என்றா, வரமாட்டேன் என்றா? சத்தத்தில் ஆயிரம் நுணுக்கம் கண்டுபிடிக்கிற காது அந்த ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் தூக்கம் வரவில்லை. வீடு முழுக்க அவர் ஒட்டுப்போடப் பதிந்து வைத்திருந்த வெறும் அமைதியாகவே இருந்தது, துண்டு துண்டாக இல்லாமல் முழு நீளத்துக்கு. ஆஸ்பத்திரி சோபாவில் மட்டும்தான் கண் அசந்தது. செல்லோ நாடாவைப் பாதி கேட்டபோதும் அப்படித்தான் அசந்துபோனார். கீழ் வீட்டில் குடியிருந்த செல்லோக்காரரை என்றோ ஒரு மத்தியானம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பதிந்த நாடா அது. மீதிப் பாதியில் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாமலேயே, தூங்கி எழுந்த முகத்தோடு "அருமை" என்று குறித்துக் கொடுத்துவிட்டார்.

*

"அந்தக் குரல் யாரோடது?" டாக்டரம்மா கேட்டார். சாப்பிடாத கோபமும் சேர்ந்துகொண்டிருந்தது.

"என் சம்சாரத்தோடது."

"புரியற வார்த்தை கூடாதுன்னு நீங்கதானே சார் எனக்கே பாடம் எடுத்தீங்க?"

நர்ஸ் குறுக்கே வந்தார். "மேடம், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அண்ணி பிளக்குல ஓடலை. விதிப்படி சரிதான்."

"நீ சும்மா இரு."

"நான் இருக்கேனா, இல்லையா டாக்டர்?" என்றார் உஷ். "வேலையைக் கேக்கறேன். உள்ளதைச் சொல்லிடுங்க."

டாக்டரம்மா காலி டப்பாவை மூடினார். "பாக்கலாம் சார்."

இவரும் பாக்கலாம். உலகத்தில் இந்த வார்த்தையைத் தடைசெய்ய ஒரு சட்டம் வந்தால் முதல் ஓட்டு தன்னுடையது என்று உஷ் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் லிஃப்ட்காரர் வந்தார். பயணத்துக்கு அடுத்த நாள் வந்து பேசிவிட்டுப் போக வேண்டும், அது வழக்கம். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். டாக்டரம்மா அதைத்தான் முதலில் குறித்துக்கொண்டார். உஷ் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"உங்க சாப்பாட்டுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார் லிஃப்ட்காரர்.

"அதை விடுங்க. அந்தக் குரல் உங்களைக் கஷ்டப்படுத்திடுச்சா?"

"கஷ்டமா?" அவர் யோசித்தார். யோசிப்பதற்கு முன்னெல்லாம் அவருக்கு நாள்கணக்கில் ஆகும். "பாட்டெல்லாம் ரொம்ப அழகுங்க. மலை, தண்ணி, என்னென்னவோ வந்துச்சு. ஆனா அதுக்கெல்லாம் நான் இருக்கறது தெரியாது. நான் இல்லன்னாலும் அது பாட்டுக்கு அழகா இருக்கும். அந்தம்மா கூப்பிட்டாங்க பாருங்க, அவங்களுக்கு நான் ஒருத்தன் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சிருக்கு." சட்டைப் பொத்தானைத் திருகினார். "அடுத்த தடவையும் அவங்க கூப்பிடுவாங்களா?"

டாக்டரம்மா உஷ்ஷைப் பார்த்தார். உஷ் தரையைப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் போனபிறகு டாக்டரம்மா சொன்னார். "அந்தக் குரல் இன்னும் இருக்கா? வேற நாடாவுல, கொஞ்சம் தள்ளி, மெதுவா, வேற வேற வார்த்தையில? இருந்தா கொண்டுவாங்க. ஆனா அவங்க சம்மதம் எழுத்துல வேணும். உங்க சம்மதம் இல்ல, அவங்க சம்மதம்."

"போன் பண்ணிக் கேக்கறேன்."

"அண்ணே," என்றார் நர்ஸ், "நேர்ல போங்கண்ணே. போன்ல கேட்டு என்னத்தைக் கிழிச்சீங்க இவ்வளவு நாளா?"

*

போவதற்கு முன்னால் அவர் வீட்டில் இருந்த நாடாக்களை எல்லாம் இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக் கூடத்தில் பதிந்ததே பெட்டி பெட்டியாக இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான் தடுப்பு. அந்தப் பக்கம் அவள் இருந்தாள். இந்தப் பக்கம் இத்தனை வருஷமும் ஒலிவாங்கி இருந்தது. குரல் கிடைக்காமலா போகும்?

வயலின் நாடா. கேட்டார். வயலின் மட்டும். பியானோ நாடா. ஒரு இடத்தில் பாத்திரம் வைக்கிற மாதிரி ஏதோ வருகிறது என்று காதைத் தீட்டினார். சட்டென்று வெறும் அமைதி. அந்த ஒட்டு அவர் கையால் போட்டது. தைத்த தடம் அவருக்கு மட்டும் தெரியும். பாட்டு நாடா, கிடார் நாடா, பேர் எழுதாத நாடா. எதிலும் அவள் இல்லை. அத்தனை சுத்தம். ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. போகப் போக ஒட்டே குறைந்துகொண்டு வந்தது, அது ஏன் என்று முதலில் புரியவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. அவள் பாத்திரத்துக்கு அடியில் துணி போட ஆரம்பித்திருந்தாள். வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். தும்மல் வந்தால் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். பதிவு கெட்டுவிடுமே என்று. அப்போது அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வார், "பூனைகூட என் சம்சாரம் மாதிரி சத்தமில்லாம நடக்காது," என்று.

வெட்ட மறந்த நாடா ஒன்றே ஒன்று. செல்லோ. அதை மறுபடி போட்டார். "என்னங்க... வாங்க. சாப்பாடு ஆறுது." அதற்கப்புறம் செல்லோதான் போய்க்கொண்டிருந்தது, நெடுநேரம். "இரு, வரேன்" என்று ஒரு ஆண் குரல் எங்கேயாவது வருகிறதா என்று நாடா தீரும்வரை காத்திருந்தார். அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான்.

*

மனைவியின் தங்கை வைத்திருந்தது தையல் கடை. பள்ளிச் சீருடைகள் தைப்பார்கள். படியேறும்போதே மெஷின்களின் இரைச்சல் காலில் ஏறியது. உஷ் தோள்பையில் சம்மதத் தாளையும், கைக்கு அடக்கமான ஒலிப்பதிவுக் கருவியையும், முகத்தில் ஒரு சிரிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பை வழியில் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தார்.

"அக்கா!" தங்கைக்காரி மெஷினைத் தாண்டிக் கத்தினாள். "உன் ரேடியோ வந்திருக்கு பாரு! வாங்க அத்தான். உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்மா, ஏதோ."

"அதான் தெரியுதே. சட்டைப் பொத்தானைத் தப்பா போட்டிருக்கீங்க."

மூலை மேசையில், பொத்தான் குவியலுக்கு முன்னால், அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் வாய் திறப்பதற்குள் அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மலா அது? ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மெஷினில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "நூறு வயசு!" என்று கூவிச் சிரித்தார்கள், அது அங்கே தினப்படி விளையாட்டு போல. இத்தனை வருஷத்தில் மனைவி தும்மி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னங்க," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. கையில் வளையல் இருந்தது. "இளைச்சிட்டீங்க."

"நீ நல்லா இருக்க."

"ஆமாங்க," என்றாள். அதில் தப்பில்லையே என்கிற மாதிரி.

அவர் கருவியில் செல்லோ பதிவை ஓடவிட்டு ஹெட்போனை நீட்டினார். "இதைக் கொஞ்சம் கேளேன்."

கேட்டாள். செல்லோ ஆரம்பித்ததும், "கீழ் வீட்டுக்காரர்," என்றாள் உடனே. பிறகு புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றி, திரும்ப வைத்துக் கேட்டாள். "இது நானா?"

"நீதான்."

"என் குரலு இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?"

அவர் அதை விட்டுவிட்டு லிஃப்ட்காரர் கதையைச் சொன்னார். அவருக்கு வருகிற நகைச்சுவையெல்லாம் சேர்த்துச் சொன்னார். கண்கட்டோடு நடந்தது, டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்து நின்ற கோலம், நர்ஸ் சொன்ன பிளக். மெஷின் பெண்கள் துணியை விட்டுவிட்டுக் கேட்டார்கள். தங்கைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மனைவி மட்டும் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"கூப்பிட்டதும் எழுந்து வந்தாரா?"

"உடனே."

"பாதியில விட்டுட்டா?"

"மலை, தண்ணி எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு."

அவள் ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நாலு ஓட்டையும் சரியாக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். "நல்ல மனுஷன்," என்றாள்.

சம்மதத் தாளை நீட்டினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். "வேற நாடாலயும் இருக்குமே, எடுத்துக்க வேண்டியதுதானே?"

"எல்லாத்தையும் தேடிட்டேன்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "எதுலயும் நீ இல்ல."

"ம்," என்றாள்.

அந்த 'ம்'முக்குப் பிறகு அவர் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. கருவியை எடுத்து மேசை ஓரமாக வைத்து ஓடவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. "அதான், புதுசா கொஞ்சம் பேசினா... சும்மா நீ பாட்டுக்குப் பேசு. இயல்பா."

இயல்பாகப் பேசச் சொன்னால் யாருக்கு வரும்? அவள் விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்தாள். தங்கை உள்ளறையில் தட்டுகளைப் பரப்பிவிட்டிருந்தாள். மனைவி அந்த அறை வாசலில் நின்று, முகத்தில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கிக்கொண்டு, வளையல் கிணுங்க, அத்தனை மெஷினுக்கும் மேலே குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க! பேசினது போதும், வாங்க. சாப்பாடு ஆறுது!"

அதேதான். அதே வார்த்தை, அதைவிட நூறு மடங்கு உயிரோடு. ஆனால் பின்னால் மெஷின் சத்தம். அவர் கை தானாக எழுந்தது. விரல் தானாக உதட்டுக்குப் போனது.

"உஷ்! எல்லாரும் மெஷினை நிறுத்துங்க. ரொம்ப நல்லா வந்துச்சு. இதையே இன்னொரு தடவை, மெஷின் இல்லாம, அங்கேயே நின்னு..."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மெஷினும் நின்றபிறகு கடையில் ஒரு அமைதி விழுந்தது. அது எப்படிப்பட்ட அமைதி என்று அவருக்குத் தெரியும். பெட்டி நிறைய வைத்திருக்கிறார்.

"அத்தான்..." என்றாள் தங்கைக்காரி, பாவமாக.

விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் பேந்தப் பேந்த விழித்தார். நல்ல வேளை, யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சமாளித்திருப்பார்.

மனைவி மேசைக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. நிதானமாக வந்து எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, விரலை உதட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பொத்தான் ஒன்று உருண்டு விழுந்தது. சட்டையில் தப்பாகப் போட்டிருந்த பொத்தானையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"நிறுத்திடறேன்," என்று அவர் கருவிக்குக் கை நீட்டினார்.

"வேணாம். ஓடட்டும்." பெண்களைப் பார்த்து, "நீங்க தைங்கடி, பொழுது போகுது பாரு," என்றாள். மெஷின்கள் திரும்ப இரைந்தன. "கேளுங்க. போன்ல கேப்பீங்களே, அதை."

அவர் தப்பித்துக்கொள்ள ஒரு ஜோக் கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. "எப்ப வர்ற?" என்றார்.

"வரமாட்டேங்க," என்றாள். மெஷினுக்கு மேலே, ஒரு எழுத்துகூட மங்காமல் கேட்டது. "உங்க மேல கோபமில்ல. உங்களைப் பிடிக்காமயும் இல்ல. நீங்க கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும், முதல் நாளே சொல்லியிருப்பேன். அந்த வீட்ல நான் தும்மலை அடக்கி அடக்கியே இருந்துட்டேன். இங்க தும்மறேன், கத்தறேன், யாராவது திரும்பிப் பாக்கறாங்க. இது போதும்னு இருக்கு எனக்கு. குரலு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, அந்த லிஃப்ட்காரருக்குக் குடுங்க, பாவம் மனுஷன். இதையும் வெட்டிடாதீங்க. நான் வரமாட்டேன்." எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."